வெளிச்சம் தரைக்கு: தெருவிளக்கு இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

தெருவிளக்கு தெருவுக்கு உரியது. வாசலில் நிற்கும் காருக்கோ, கவுன்சிலர் வீட்டு மதிலுக்கோ, எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்கோ, மேகத்தின் அடிவயிற்றுக்கோ உரியதல்ல. இதில் உடன்பாடு உள்ளவர்கள் மேலே படிக்கலாம். உடன்பாடு இல்லாதவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

நாங்கள் தமிழ்நாட்டின் நகரங்களிலும் பேரூர்களிலும் கிராமங்களிலும் குடியிருப்பவர்கள். எங்களில் பாதிப் பேர் வாசலுக்கு விளக்கு கேட்டு மனுக் கொடுத்தவர்கள். மீதிப் பேர் ஜன்னலுக்கு நேரே எரிகிற விளக்கை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள். ஒரே கம்பத்தைப் பற்றிய இரண்டு மனுக்களும் ஒரே மேசையில் அடுத்தடுத்துக் கிடந்ததும் உண்டு. இரண்டுக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பார்க்கிறோம்." வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத எதிரெதிர் வீட்டுக்காரர்களை அந்தப் பதில் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அதற்காக நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

பெயர் வைப்பதற்கே ஒரு மாலை முழுக்கப் போயிற்று. 'ஒளி' என்றும் 'ஜோதி' என்றும் தொடங்குகிற நல்ல பெயர்களையெல்லாம் கல்யாண மண்டபங்களும் கண் மருத்துவமனைகளும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகவே இப்போதைக்கு எங்கள் முழக்கமே எங்கள் பெயர்: வெளிச்சம் தரைக்கு.

தெருவிளக்குத் தகராறைச் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் அதில் சிக்காதவர்கள். குழாயடிச் சண்டை தண்ணீர் வந்தால் ஓயும். விளக்குச் சண்டை தினமும் ஆறரை மணிக்குத் தானாகவே பற்றிக்கொள்ளும். இருபதடித் தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாடியில் கைக்குழந்தை. கொசுவலைக்குள் பட்டப்பகல் போல வெள்ளை வெளிச்சம் விழ, பிள்ளை பதினொரு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது. எதிர்வீட்டில் ஒற்றையாக இருக்கும் அம்மா. பக்கத்து மனையில் முள்ளும் புதரும். மழைக்காலத்தில் பாம்பு வாசற்படிவரை வரும். அவருக்கு அந்த விளக்குதான் துணை. மூன்றாவது வீட்டுப் பெண் நைட் ஷிப்ட் முடிந்து பின்னிரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் வண்டியிலிருந்து இறங்குகிறாள். நான்காவது வீட்டுக்காரர் கேமரா மாட்டியிருக்கிறார். இன்னும் பெரிய விளக்கு வேண்டும் என்கிறார். ஐந்தாவது வீட்டுக்காரருக்கு விளக்கு இருக்கும் இடமே ஆகாது, அதனடியில் பையன்கள் கூடிச் செல்போனில் விளையாடிக் கூச்சல் போடுகிறார்கள். ஆறாவது வீட்டு வேப்பமரம் வெளிச்சத்தை மறைக்கிறது. கிளையை வெட்டச் சொல்லி ஆள் வந்தால் அந்த வீட்டுப் பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்.

"கண்ணு கூசுதுன்னா ஜன்னலச் சாத்திக்குங்களேன்."

"ஜன்னலச் சாத்தினா காத்து யாரு குடுப்பா, நீங்களா?"

இந்தப் பதில் வெறும் குதர்க்கம் இல்லை. குளிர்நாடுகளில் கெட்டித் திரை போட்டுவிட்டுத் தூங்கலாம். சித்திரை, வைகாசியில் சென்னையிலோ மதுரையிலோ ஏ.சி. இல்லாத வீட்டில் ஜன்னலைச் சாத்தி யாரும் தூங்க முடியாது. காற்று வருகிற வழியில்தான் வெளிச்சமும் வருகிறது. திரை போடு என்பது ஏ.சி. வாங்கு என்பதன் மரியாதையான வடிவம். மொட்டைமாடியில் பாய் விரிப்பவருக்கு அந்தத் திரையும் கிடையாது.

மேலே சொன்ன ஆறு வீட்டிலும் பொய் சொல்பவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் தவறு எங்கே நடந்தது? அந்த விளக்கை அங்கே வைக்கவேண்டும் என்று யாருமே யோசித்து முடிவெடுக்கவில்லை என்பதில்தான். நம் தெருக்களில் பெரும்பாலான விளக்குகள் மின்வாரியக் கம்பத்தில் தொங்குகின்றன. கம்பத்தை நட்டவர்கள் கம்பி போகும் வழியைப் பார்த்து நட்டார்கள். வீட்டு இணைப்புக்கு வசதி, வளைவுக்கு ஸ்டே கம்பி, அவ்வளவே கணக்கு. விளக்கு பிறகு வந்து, இருந்த கம்பத்தில் ஏறிக்கொண்டது. கம்பம் உங்கள் படுக்கையறைக்கு நேரே நின்றால் விளக்கும் அங்கே. இரண்டு கம்பத்துக்கு நடுவில் சாக்கடைப் பள்ளம் இருந்தால் பள்ளம் இருட்டில். யாரும் எடுக்காத ஒரு முடிவுக்காக நாம் ஒருவரை ஒருவர் பகைத்துக்கொண்டிருக்கிறோம்.

முன்பு இவ்வளவு பகை இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு டியூப்லைட், அதற்குப்பின் மஞ்சள் சோடியம் விளக்கு. சோடியத்தின் நிறவெப்பநிலை 2,000 கெல்வினை ஒட்டியது. நெருப்புத் தணலுக்கு அடுத்த நிறம். 2015 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தெருவிளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க எல்.இ.டி.க்கு மாறும் வேலை வேகம் பிடித்தது. மின்சாரச் செலவு பாதியளவு குறைகிறது, பல்பு பல வருஷம் உழைக்கிறது. இதையெல்லாம் நாங்கள் மறுக்கவில்லை. எல்.இ.டி.யை எதிர்க்கும் இயக்கம் இல்லை இது. ஆனால் ஊர் ஊராக வந்து இறங்கிய விளக்குகளில் பல 5,000, 6,000 கெல்வின் வெள்ளை. வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளே நீல எல்.இ.டி.தான், மேலே பூசிய பாஸ்பரப் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். தகுந்த பரிசுதான். ஆனால் சிக்கலும் அந்த நீலத்தில்தான். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டுவது நீல வெளிச்சத்துக்கு. அந்த வெளிச்சம் கண்ணில் படப்பட மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது, தூக்கமும் தள்ளிப்போகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் தெருவிளக்கு 3,000 கெல்வினுக்கு மேல் போகவேண்டாம், மறைப்புப் போட்டு மாட்டுங்கள் என்று உள்ளாட்சிகளுக்கு ஆலோசனை சொன்னது இந்தக் காரணத்தால்தான்.

அதற்கு முன்பே கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்தார் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றார்கள். 2014-இல் குடியிருப்புத் தெருக்களில் வெள்ளை எல்.இ.டி. மாட்டினார்கள். குடியிருப்போர் கொதித்தெழ, மாட்டியவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைக் கழற்றி 2,700 கெல்வின் விளக்காக மாற்றவேண்டி வந்தது. லட்சக்கணக்கான டாலர் செலவு. முதலிலேயே நாலு தெருவில் நாலு விளக்கை மாட்டிக்காட்டிக் கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

நம் ஊரில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. பழைய விளக்கின் பிராக்கெட் குழாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பழைய விளக்குக்கு அது பொருந்தியது. புது எல்.இ.டி. பலகை தரைக்கு இணையாகப் படுத்திருக்கவேண்டிய சாதனம். பிராக்கெட்டை மாற்றாமல் அதே சாய்வில் அதைச் செருகினால், வெளிச்சத்தில் ஒரு பங்கு நேரே எதிர்வீட்டு மாடிக்குப் போகும். விளக்கு மாற்றிய அன்று ராத்திரியே சண்டை தொடங்கிய தெருக்களில் போய்ப் பாருங்கள். பாதிக்காவது காரணம் இந்தச் சாய்வாகத்தான் இருக்கும் என்று நாங்கள் பந்தயம் கட்டத் தயார். ஒரு ஸ்பேனரும் ஓர் ஏணியும் அரைமணி நேரமும் போதுமான விஷயத்துக்காகப் பெண் கொடுத்து எடுத்த வீடுகள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருக்கின்றன.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு நாட்டில் அளவு இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1944 என்ற எண்ணில் 1970-இலேயே வந்துவிட்டது. வேகமும் நெரிசலும் மிகுந்த பெருஞ்சாலைக்குச் சராசரி 30 லக்ஸ். கடைத்தெரு போன்ற கணிசமான போக்குவரத்துள்ள உட்சாலைக்கு 8 லக்ஸ். போக்குவரத்துக் குறைந்த தெருவுக்கு 4 லக்ஸ். நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது இந்தக் கடைசி வகையில். முழுநிலவின் வெளிச்சம் ஏறத்தாழ கால் லக்ஸ் என்றால், 4 லக்ஸ் என்பது பதினாறு பௌர்ணமி. போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் முக்கியமானது அந்தத் தரத்தின் இரண்டாவது எண். அதை யாரும் பேசுவதே இல்லை. தெருவில் மிக இருண்ட இடத்தின் வெளிச்சம் சராசரியில் பத்தில் மூன்று பங்குக்குக் குறையக் கூடாது. அதாவது வெளிச்சம் கூடுவதைவிடப் பரவுவது முக்கியம். ஒரு கம்பத்தடியில் நாற்பது லக்ஸும் அடுத்த கம்பம்வரை இருட்டும் இருந்தால் அந்தத் தெரு இருட்டுத் தெருதான். சொல்லப்போனால் விளக்கே இல்லாத தெருவைவிட மோசம். பளீரென்ற வட்டத்திலிருந்து வெளியே காலெடுத்து வைக்கிறவருக்குக் கண் பழக நேரம் பிடிக்கும். வயதானவர்களுக்கு, அதிலும் கண்ணில் புரை உள்ளவர்களுக்கு, விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் எதிரே வருவது மாடா மனிதரா என்றே தெரியாது. மேன்ஹோல் மூடி திறந்து கிடப்பது அந்த இருட்டு இடைவெளியில்தான். பெரிய விளக்கு கேட்டு மனுக் கொடுப்பவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டு சின்ன விளக்குகள்.

டி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து உயர்நீதிமன்ற நீதிபதியானார் என்று நம் வாத்தியார்கள் சொல்லாத வகுப்பு கிடையாது. இன்றைய விளக்கடியில் அவர் உட்கார்ந்திருந்தால் புத்தகத்தைவிட ஈசலைத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

இனி, பயத்தைப் பற்றிப் பேசவேண்டும். வெளிச்சம் குறைந்தால் திருடன் வருவான் என்பது ஒரு கட்சி. திருடனுக்கும் வெளிச்சம் தேவைதானே என்பது மறுகட்சி. இரண்டு கட்சியும் ஆராய்ச்சியைத் துணைக்கு அழைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளின் தரவுகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, விளக்கை மங்கலாக்கியதாலோ நேரம்பார்த்து அணைத்ததாலோ குற்றமும் விபத்தும் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. மறு ஆண்டே நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குக் கோபுரங்கள் நிறுத்திப் பார்த்தார்கள்; இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன என்றார்கள். இரண்டும் நேர்மையான ஆய்வுகள். இரண்டும் நம் தெருவில் நடந்தவையல்ல. தெருக்கூட்டத்தில் எவரும் இவற்றில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து அடுத்தவர் தலையில் அடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

ஆனால் ஒன்றில் எங்களுக்குள் விவாதமே இல்லை. பேருந்திலிருந்து இறங்கி வீடுவரை நடக்கிற பெண்ணுக்கு வெளிச்சம் சலுகை அல்ல. டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்த நீதிபதி வர்மா குழுவும் தெருவிளக்கைப் பெண்களின் பாதுகாப்போடு சேர்த்தே பேசியது. இருட்டின் அழகு, நட்சத்திரத்தின் அழகு என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை எங்கள் முதல் கூட்டத்திலேயே ஒரு தோழி எழுந்து சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் இந்தப் பிரகடனத்தில் ஒரு விதியாகப் பின்னால் வருகிறது.

அதற்கு முன்னால் இன்னொரு கூச்சமான விஷயம். நாங்கள் வெளிச்சம் அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அதே ஊராட்சியில் வெளிச்சமே இல்லாத தெருக்கள் இருக்கின்றன. அவை எந்தத் தெருக்கள் என்று கேட்கவே வேண்டாம். தேர் ஓடும் வீதியில் கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. காலனிக்குப் பிரியும் பாதையில் கம்பம் இருக்கும், கம்பி இருக்கும், விளக்கு இருக்காது. ஊருக்குள் எல்.இ.டி. மாட்டியபோது கழற்றிய பழைய டியூப்லைட்டைக் காலனிக்கு அனுப்பிவைத்த கதை எங்களில் சிலருக்கு நேரில் தெரியும். இடுகாட்டுப் பாதை, பள்ளிப்பிள்ளைகள் நடக்கும் ஏரிக்கரை, பொதுக்கழிப்பறைக்குப் போகும் சந்து, நகரத்தில் கால்வாய்க்கரைக் குடிசைகள்: பட்டியல் ஊருக்கு ஊர் மாறாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, குடியிருப்புப் பகுதியின் பொதுச்சாலைகளுக்கு விளக்கு வைப்பதைக் கிராம ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. ஊர், காலனி என்று அந்தச் சட்டம் பிரித்துச் சொல்லவில்லை. பிரித்தது கை.

ஆகவே எங்கள் முதல் தீர்மானம் இது. ஓர் உள்ளாட்சியில் விளக்கில்லாத குடியிருப்புப் பாதை ஒன்றேனும் இருக்கும்வரை, விளக்குள்ள எந்தத் தெருவுக்கும் கூடுதல் வெளிச்சம் கேட்டு இந்த இயக்கம் மனுக் கொடுக்காது. நம் வாசலுக்கு இரண்டாவது விளக்கு கேட்டு வரும் உறுப்பினரை, முதல் விளக்குக்குக் காத்திருக்கும் பாதைக்கு அழைத்துப்போய்க் காட்டுவோம். இந்தத் தீர்மானத்தால் சில உறுப்பினர்களை இழந்தோம். பரவாயில்லை.

இரண்டாவது, வெளிச்சம் விழவேண்டிய இடம் கால் படும் இடம். குடியிருப்புத் தெருவில் மாட்டும் ஒவ்வொரு விளக்கும் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும்; வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு இருக்க வேண்டும்; பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது. சாய்ந்த பிராக்கெட்டை மட்டப்படுத்துவது புது விளக்கு வாங்குவதற்கு முந்திய வேலை. நிறம் 3,000 கெல்வினைத் தாண்டக் கூடாது. வாங்கும்போதே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அது. ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. மாட்டியிருக்கும் வெள்ளை விளக்கையெல்லாம் நாளைக்கே கழற்று என்று நாங்கள் கேட்கவில்லை, அது பொதுப்பணம். கெட்டுப்போகிற விளக்குக்குப் பதில் வருவது சரியான விளக்காக வரட்டும். நெடுஞ்சாலைக்கும் கடைத்தெருவுக்கும் இந்த அளவுகள் பொருந்தா. அங்கே போய் நாங்கள் சண்டை போடமாட்டோம்.

சத்தத்துக்கு இந்த நாட்டில் விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று எல்லை போட்டன. அந்த விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது ஆடி மாதம் தெரியும். இருந்தாலும் விதி இருப்பதால்தான் புகார் கொடுக்க முடிகிறது. தூங்குகிறவரின் ஜன்னலில் விழும் வெளிச்சத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் வழிகாட்டுதல், புறநகர் போன்ற பகுதிகளில் இரவு அடங்கிய பின் ஜன்னலில் 2 லக்ஸுக்கு மேல் படவேண்டாம் என்கிறது. பத்து மணிக்குமேல் ஜன்னலுக்கு 2 லக்ஸ் என்ற எல்லையைத் தமிழ்நாடு அரசு விதியாக்க வேண்டும். தெருவிளக்குக்கு மட்டும் அல்ல, வீட்டுக்காரர்கள் மதிலில் மாட்டும் ஃபோகஸ் லைட்டுக்கும், கடைப் பலகைக்கும், செல்போன் கோபுரத்தடி விளக்குக்கும். அரசு விளக்கைத் திட்டிக்கொண்டே நம் கேட்டில் நூறு வாட் மாட்டிவைக்கும் பழக்கம் நமக்குள்ளேயே இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறோம்.

ஹைமாஸ் விளக்கைக் குடியிருப்புக்குள் நடக் கூடாது. நாற்சந்திக்கும் பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் ஆன சாமான் அது. தொகுதி நிதியில் வந்தது, நிதி கொடுத்தவர் பெயர் நடந்துபோகிறவர் முகத்தைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக நாற்பது வீட்டுக்கு உறக்கம் போகவேண்டுமா? பெயர்ப் பலகையை வேண்டுமானால் பத்து சின்னக் கம்பங்களில் பத்து தடவை எழுதிக்கொள்ளட்டும். நாங்களே பெயிண்ட் வாங்கித் தருகிறோம்.

மரமா விளக்கா என்ற கேள்வி வரும்போது விளக்குதான் இறங்கிவர வேண்டும். வேம்பும் புங்கையும் வளர இருபது வருஷம் ஆகும். பிராக்கெட்டை நீட்டவோ, கிளைக்குக் கீழே விளக்கைத் தாழ்த்தவோ ஒரு பகல் போதும். கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஜனவரியிலிருந்து மார்ச்வரை சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரிந்து வரும் குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் அது கடல், நம் ஊரில் அது தார்ச்சாலை. 1988-லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போகிறார்கள். அந்தப் பருவத்தில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைக்கவோ மறைக்கவோ அங்குள்ள எங்கள் உறுப்பினர்கள் முன்நிற்பார்கள்.

யார் முடிவெடுப்பது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கேள்வி. 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குகளின் சுவிட்ச் பெட்டிக்குள் சிறு குருவி ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேல், அந்த ஊர் விளக்கைப் போடாமல் இருந்தது. பத்திரிகைகள் அந்த ஊரின் ஈரநெஞ்சை எழுதின. நாங்கள் அதில் கவனித்தது வேறு. அந்த ஊரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யார் கை அதைப் போடுகிறது என்று தெரியும். அவரிடம் போய் நின்று பேச முடியும். கிராமங்களில் பல இடங்களில் தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர்தான் விளக்கையும் போட்டு அணைக்கிறார். அவர் வீடு எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் டைமர் வைத்த பெட்டி போடுகிறது, பெட்டி அணைக்கிறது. சென்னையில் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்தால் எரியாத விளக்கை எரியவைக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறோம். எரிகிற விளக்கைப் பற்றிப் பேச ஒரு எண் இல்லை. பேச இடமில்லாதபோது யாருக்குக் கவுன்சிலரைத் தெரியுமோ அவர் வாசலுக்கு விளக்கு வருகிறது, யாருக்கு லைன்மேனைத் தெரியுமோ அவர் ஜன்னலை விட்டு விளக்கு திரும்புகிறது. திரும்பிய விளக்கு பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கிறது. அடுத்த சண்டை அங்கே.

ஆகவே விளக்கின் இடமும் அளவும் அந்தத் தெருவில் முடிவாக வேண்டும். ராத்திரியில், அந்தத் தெருவிலேயே நின்று. பகலில் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தது போதும். உட்கோட்டப் பொறியாளர் ஒரு லக்ஸ் மானியோடு வரட்டும். அளந்த எண்களைத் தெருவார் முன்னிலையில் எழுதட்டும். நகரங்களில் 2022 நவம்பரிலிருந்து பகுதி சபைகள் கூடுகின்றன. கிராமங்களில் கிராமசபை இருக்கிறது. தெருவில் எடுத்த முடிவை அங்கே பதிவு செய்து தீர்மானமாக்குவோம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கும் அங்கே ஒரே குரல். கடைத்திண்ணையில் படுக்கிறவருக்கும் குரல் உண்டு. தெருவிளக்கோடு ராத்திரி முழுக்க வாழ்கிறவர் அவர் ஒருவர்தான்.

நள்ளிரவுக்குப் பின் விளக்கை மங்கலாக்கலாமா என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. இன்றைய எல்.இ.டி.யில் அது எளிது. ஆட்கள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பாதி வெளிச்சம் போதும் என்பது ஒரு தரப்பு. ஆட்கள் இல்லாத நேரத்தில்தான் பயம், அதனால் அப்போதுதான் விளக்கு வேண்டும் என்பது மறுதரப்பு. மூன்று கூட்டம் பேசியும் தீரவில்லை. தீராததைத் தீர்ந்தது போல எழுதுவதைவிட விதியை எழுதிவிடுகிறோம்: ஒரு தெருவில் பத்து மணிக்குமேல் நடந்து வீடு வரும் பெண்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தத் தெருவில் மங்கலாக்கும் பேச்சுக்கு இடமில்லை. பெரும்பான்மை வாக்கு இதில் செல்லாது. இந்த விதியை எதிர்த்தவர்களும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

நாங்கள் செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. விளக்கின் மேல் கல்லெறியக் கூடாது. கோணிப்பை கட்டக் கூடாது, கறுப்புப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, ஃபியூஸ் பிடுங்கக் கூடாது. லைன்மேனுக்கு டீக்காசு கொடுத்து ராத்திரியோடு ராத்திரியாக விளக்கைத் திருப்பிவைக்கக் கூடாது. யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது; அது பயிற்சி பெற்றவர் வேலை, மழைக்காலத்தில் அவர்களே உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறார்கள். கதவு பெயர்ந்து கம்பி வெளியே தொங்கும் பெட்டியைக் கண்டால், மற்ற எல்லாக் கொள்கையையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதைப் புகார் செய்ய வேண்டும்.

முதல் வேலை நடைதான். வரும் அமாவாசை இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் விளக்கில்லாத பாதையிலிருந்து தொடங்கி விளக்குள்ள தெருக்களுக்கு நடந்து வரும். டார்ச் வேண்டாம். வயதானவர் ஒருவரையாவது கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். அவர் எங்கே நின்று தடுமாறுகிறாரோ அந்த இடத்தைக் கம்ப எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஜன்னலில் வெளிச்சம் அடிக்கிறது என்பதையும் குறியுங்கள். கம்ப எண் இல்லாவிட்டால் எண் எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். வாட் எவ்வளவு, கெல்வின் எவ்வளவு, எந்த ஒப்பந்தத்தில் வாங்கியது என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், பத்து ரூபாய்தான்.

உறுப்பினர் கட்டணம் கிடையாது. படிவம் ஒரு பக்கம். அதில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம்: ஒன்று உங்களுடையது, மற்றது விளக்கு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகாத அண்டைவீட்டாருடையது. ஒரு கையெழுத்தோடு வரும் படிவத்தைக் கிளைச் செயலாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.